ஆர்த்திகா எதிர் அமைச்சர்

நெல்லியடி
12.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி ஆர்த்திகா எழுதுறன். எனக்குச் சுகத்துக்குக் குறையில்லை. அங்க குளிர் தணிஞ்சு, உங்கட முழங்கால் நோவும் அண்ணியின்ர இருமலும் தணிஞ்சிருக்குமெண்டு நினைக்கிறன்.

போன் இருக்க ஏன் கடிதமெண்டு யோசிப்பீங்கள். போனில நான் ஒரு வசனம் தொடங்க, நீங்கள் அதுக்கு மறுமொழி சொல்லி முடிச்சுப் போடுறீங்கள். போன கிழமை மூண்டு தரம் எடுத்தன். மூண்டு தரமும் "ஓம் ஓம், விளங்குது, நான் பாக்கிறன்" எண்டு வைச்சிட்டீங்கள். உங்களுக்கு என்ன விளங்கினதெண்டு எனக்கு விளங்கேல்லை. கடிதத்தில நான் முடிக்குமட்டும் நீங்கள் குறுக்கிட ஏலாது. அதால இந்த விசயம் ஒரு கரைக்கு வருமட்டும் கடிதம்தான். போன் எடுத்தாலும் தூக்க மாட்டன், கோவிக்காதேங்கோ.

விசயம் உங்களுக்குத் தெரியும். எண்டாலும் ஒழுங்கா எழுதுறன். கனடா வதிவிடத்துக்கு நீங்கள் அங்கயிருந்து எனக்காகப் போட்ட விண்ணப்பத்தில "மணமாகாதவர்" எண்டு இருக்காம். எனக்கும் யதுர்ஷனுக்கும் போன வருசம் வைகாசியிலயே எழுத்து முடிஞ்சுது. பதிவுகாரர் வீட்டுக்கு வந்தவர், ரண்டு பக்கமும் கையெழுத்து வைச்சது, படமும் எடுத்தது. தாலி இந்த ஆவணிக்கெண்டு வைச்சிருந்தது. எழுத்து முடிஞ்சாலும் தாலி ஏறுமட்டும் பொம்பிளை தாய் வீட்டிலதான் எண்டது எங்கட ஆக்களுக்குத் தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாது. நான் தாதியா வேலை செய்யிற ஆஸ்பத்திரி குடுத்த கடிதத்தில எனக்குத் "திருமதி" எண்டு போட்டிருந்ததைக் கண்டிட்டு, முப்பது நாளுக்குள்ள விளக்கம் தா எண்டு கேட்டார். பதின்மூண்டாம் நாள் நான் மறுமொழி அனுப்பினன். எழுத்துச் சான்றிதழ், மண்டபம் பதிஞ்ச துண்டு, குருக்களின்ர கடிதம் எல்லாம் வைச்சன். விண்ணப்பத்தில எப்பிடி அப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது எண்டும் எழுதினன். நீங்கள் அனுப்பின கடைசிப் பக்கத்தில கையெழுத்து மட்டும்தானே நான் வைச்சது. கொம்பியூட்டர் தானா எடுத்துப் போட்டிட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.

மாசி இருபதில முடிவு வந்தது. நான் பொய் சொன்னனானாம். ஐஞ்சு வருசத்துக்கு விண்ணப்பிக்க ஏலாதாம்.

யதுர்ஷன் அதைத் தாய்க்கு வாசிச்சுக் காட்டிட்டார். பாலாம்பிகை மாமி சொன்னது இதுதான்: "என்ர பிள்ளையைக் கட்டேல்லை எண்டு கனடாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அங்க போய்க் கழட்டி விடுறதுக்கு." மண்டபத்தையும் வேண்டாமெண்டு சொல்லிட்டினம். விளக்கம் சொல்லப் போனன். "பொய்க்காரியோட எனக்கென்ன கதை" எண்டு கதவடியிலயே திருப்பி அனுப்பிட்டா. யதுர்ஷன் பின்னால நிண்டு நிலத்தைப் பார்த்தார்.

எனக்கு ஒண்டுதான் வேணும். அந்தப் "பொய்" எண்ட சொல்லை எடுக்க ஏலுமோ? ஏலுமெண்டால் அதை ஆரிட்டக் கேக்கிறது?

மறக்காமல் முழங்காலுக்கு மருந்து பூசுங்கோ.

தங்கச்சி
ஆர்த்திகா


பியர்பொன்ட்ஸ்
09.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் கிருபானந்தன் எழுதுறன். நாங்கள் சுகம். உன்ர கடிதம் வர இருபத்தொரு நாள் எடுத்தது. அந்த இருபத்தொரு நாளும் நீ போன் தூக்காததில எனக்குப் பிறஷர் ஏறி, அண்ணி உப்பைக் குறைச்சுப் போட்டா.

நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. முப்பது வருசமா ஞாயிறு ஞாயிறாக் கோயில் மண்டபத்தில இருந்து இந்த ஊர்ச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கிறவன் நான். பள்ளிக்கூட பஸ் ஓடுற கிருபாவைத் தெரியாத ஆக்களுக்கும் படிவக் கிருபாவைத் தெரியும். ஒருத்தருக்கும் இப்பிடி வந்ததில்லை. எனக்கு வந்த கோவத்தில அந்த அதிகாரியைக் கண்டனெண்டால் நாலு கேள்வி கேட்டிருப்பன்.

ஒரு வழக்கறிஞரைப் பிடிச்சிருக்கிறன். தாரா ஜெயராம் எண்டு பேர், மெட்ராஸ் ஆக்கள், இங்கயே படிச்சவ. நான் சொல்லச் சொல்ல "சார், ஒரு நிமிஷம், நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" எண்டு நிப்பாட்டுறா. உன்ர வயசுதான் இருக்கும். வழக்கு கனடாவின்ர பெடறல் கோட்டில, அதுதான் மத்திய நீதிமன்றத்தில, போட வேணுமாம். அறுபது நாளுக்குள்ள போட வேணும், போட்டாச்சு. ஆனால் ஒண்டு சொன்னா, அதுதான் எனக்குப் புதினமாக் கிடக்கு. அங்க நீதிபதி விசா தர மாட்டாராம். நீ பொய் சொன்னியோ இல்லையோ எண்டும் பார்க்க மாட்டாராம். உன்னை ஒழுங்காக் கேட்டவங்களோ எண்டு மட்டும்தான் பார்ப்பாராம். அதுக்கெண்டே ஒரு கோடு இருக்காம். கேட்ட விதம் பிழையெண்டால், முடிவு சரியா இருந்தாலும் குப்பையில போடுவாராம்.

கீழ் அறைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறன், ஜன்னல் பக்கமா. குளிர் கோட்டும் அண்ணி பார்த்து வைச்சிருக்கிறா. உனக்கு நீலம் பிடிக்கும்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
கிருபா


பியர்பொன்ட்ஸ்
02.07.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ மறுமொழி போடேல்லை. சுகமா இருக்கிறாய் எண்டு உன்ர பக்கத்து வீட்டு றொஷினி மூலம் அறிஞ்சன். நானும் இருக்கிறன்.

நீ எழுதாட்டிலும் நான் எழுத வேண்டிய விசயம் ஒண்டு வந்திருக்கு. விசா அதிகாரி உன்ர கோப்பில தனக்கு எழுதின குறிப்புகளை, கோடு கேட்டு வாங்கி எங்கட கையில தந்திருக்கு. யோசிச்சுப் பார். ஒரு அதிகாரி தன்ர மேசையில இருந்து உன்னைப்பற்றித் தனக்குத் தானே என்ன எழுதினார் எண்டதை, நாங்கள் வாசிக்கலாமாம். வாசிச்சுப் போட்டுப் பிழையும் சொல்லலாமாம். நான் ரண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு இருந்தன். எங்கட ஊரில கிராம அலுவலரின்ர கொப்பியை எட்டிப் பார்க்கவே நாங்கள் பயப்பிட்ட ஆக்கள்.

மூண்டாம் பக்கத்தில ஒரு வரி. "விளக்கம் கேட்கப்பட்டது. விண்ணப்பதாரியிடமிருந்து பதில் எதுவும் கிடைக்கவில்லை." அவ்வளவுதான். அதுக்கு அடுத்த வரியில நீ பொய்க்காரி.

தாரா அதை விரலால தொட்டுக் காட்டினா. பேந்து "இது போதும் சார்" எண்டா. நீ பதின்மூண்டாம் நாள் அனுப்பினாய். அதை ஒருத்தரும் வாசிக்கேல்லை தங்கச்சி. வாசிச்சுப் போட்டு நம்பாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் வீட்டை வந்து அண்ணியோட கத்தினன். அவ "என்னோட ஏன் கத்துறீங்கள், நான் வாசிச்சன் தானே" எண்டா.

தெம்பா இரு.

அண்ணன்
கிருபா


நெல்லியடி
11.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

ரண்டு கடிதமும் கிடைச்சது. நான் சுகம். வார்டில ஆள் பற்றாக்குறை, டயலிசிஸ் பிரிவை இப்ப நான்தான் பார்க்கிறன், அதில எழுத நேரம் கிடைக்கேல்லை.

அந்த ஒரு வரியை நானும் கனதரம் வாசிச்சன். என்ர கடிதத்தை ஆரோ வாசிச்சு, நம்பேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தனான். வாசிக்கவே இல்லை எண்டு அறிஞ்சது எனக்கு ஆறுதலா இருந்தது. விசர்க்கதை மாதிரி இருக்கும் உங்களுக்கு. ஆனால் உண்மை அதுதான்.

இருபத்து மூண்டாம் திகதி வெள்ளி எங்களுக்கெண்டு பதிஞ்ச மண்டபத்தில வேற ஆக்களின்ர கலியாணம். யதுர்ஷன் கிழமைக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி வாசலுக்கு வாறார். "நான் உம்மை நம்புறன், அம்மாதான்" எண்டுறார். நம்புறவர் அதைத் தாய்க்கு முன்னால சொல்ல வேணும். அவருக்கு அந்தத் தைரியம் வருமட்டும் நான் தேத்தண்ணி குடிக்கவும் வர மாட்டன் எண்டு சொல்லிப் போட்டன்.

அண்ணை, இதை வாசிச்சு முடியுமட்டும் எழும்பாதேங்கோ. என்னோட வேலை செய்யிற ஷெரோன் அந்த விண்ணப்பப் பக்கத்தைத் தன்ர கொம்பியூட்டரில திறந்து காட்டினாள். அந்தக் கேள்வியில ஒண்டும் தானா வராது. ஆரும் அமத்தினால்தான் வரும். அமத்தாட்டில் அடுத்த பக்கம் போக விடாது.

ஆர் அமத்தினது?

அண்ணியைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ.

தங்கச்சி
ஆர்த்திகா


பியர்பொன்ட்ஸ்
14.09.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமெண்டு அறிஞ்சு சந்தோசம்.

இங்க பள்ளிக்கூடம் தொடங்கிட்டுது. எனக்கு இந்த வருசம் புது ரூட், லவால் பாலத்துக்குக் கிட்ட. பிள்ளையள் "பொன்ஜூர் முஸ்யூ கிருபா" எண்டு பிரெஞ்சில வணக்கம் சொல்லி ஏறுங்கள், நல்ல பிள்ளையள். பின்வளவில தக்காளி இந்த முறை நல்லாக் காய்ச்சது. அண்ணி சட்னி செய்து போத்தலில அடைச்சு வைச்சிருக்கிறா. இலை நிறம் மாறத் தொடங்கிட்டுது, நீ வந்து பார்க்க வேணும். புரோசார்டில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர் தாதிமார் எடுக்கினமெண்டு கேள்விப்பட்டன், விசாரிச்சு வைக்கிறன்.

வழக்குக்கு அனுமதி தாறதோ எண்டு முதல்ல ஒரு நீதிபதி கடதாசியில பார்ப்பாராம். அதுக்குக் காத்திருக்கிறம்.

வேற விசேசம் இல்லை.

அண்ணன்
கிருபா


நெல்லியடி
10.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். தக்காளி காய்ச்சது சந்தோசம்.

கேட்ட கேள்விக்கு மறுமொழி கடிதத்தில இல்லை. உறையையும் பிரிச்சு உள்பக்கம் பார்த்தன்.

ஆர்த்திகா


பியர்பொன்ட்ஸ்
12.11.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமா இருக்க வேணும். நான் சுகமெண்டு எழுதினால் அதுவும் பொய்யாப் போகும்.

நான்தான் அமத்தினது.

அந்த இடத்தில "மணமானவர்" எண்டு அமத்தினால் இன்னும் பதினொரு பக்கம் திறக்கும். யதுர்ஷன்ர பிறப்புச் சான்றிதழ், அவர் வேலை செய்த இடம், இருந்த முகவரி, எல்லாம் கேக்கும். எனக்குப் பஞ்சியா, அலுப்பாக் கிடந்தது. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பின்னால இன்னும் ஏழு பேர் வரிசையில. தாலி ஏறாமல் என்ன கலியாணம் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு மற்றதை அமத்தினன். உன்னை ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். அந்த நேரம் உனக்கு அங்க இரவு எண்டு என்னையே ஏமாத்தினன். உண்மை என்னெண்டால், உன்னைக் கேக்க வேணுமெண்டு எனக்குத் தோன்றவே இல்லை. நான் கனடாவுக்கு வெளிக்கிடேக்கை நீ தவழ்ந்து திரிஞ்சாய். நீ என்ன படிக்கிறது, எங்க வேலைக்குப் போறது, எல்லாம் நான்தானே இங்கயிருந்து சொன்னனான். இதையும் அப்பிடித்தான் செய்தன்.

பேந்து பிழை பிடிபட்ட நேரம் கொம்பியூட்டர் எண்டன். அதுதான் இதில அசிங்கமான இடம். பொய் சொன்னது நான், பொய்க்காரி எண்டு பேர் கேட்டது நீ.

தாராவுக்கு இதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் எடுத்தது. அவ என்னைத் திட்டுவா எண்டு பார்த்தன். "தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா? முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க, அப்புறம் கோர்ட்டுக்குச் சொல்லலாம்" எண்டு மட்டும் சொன்னா. அதால இந்தக் கடிதம். இது போன பிறகு, நடந்ததைச் சத்தியம் பண்ணிக் கோட்டுக்குக் குடுக்கிற சத்தியக்கடதாசியில கையெழுத்து வைப்பன். கோயில் மண்டபத்தில மேசை போடுறதையும் நிப்பாட்டிப் போட்டன். ஏனெண்டு கேட்ட ஆக்களுக்கு ஏனெண்டு சொன்னன்.

மாமிக்கு இதைக் காட்டு. நீ கட்டேல்லை எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லை.

பி.கு. 18.12.2024. எழுதி முடிச்ச கையோட இங்க தபால்காரர் வேலைநிறுத்தம் தொடங்கிட்டினம். ஒரு மாதம் இது மேசையில கிடந்தது. முதல் ரண்டு நாளும் எனக்கு ஆறுதலா இருந்ததெண்டதையும் எழுதிப் போடுறன். வழக்குக்கு அனுமதி கிடைச்சிட்டுது. மாசியில விசாரணை.

அண்ணன்


நெல்லியடி
19.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உங்கட கடிதம் வந்தது.

யதுர்ஷனிட்டக் குடுத்தன். அவர் முதல் தரமாத் தாய்க்கு முன்னால நிண்டு "அம்மா, இதை வாசியுங்கோ" எண்டு சொன்னவராம். மாமி வாசிக்கேல்லை. "தமையன் தங்கச்சிக்காக எழுதுறது தானே, இதென்ன சாட்சியோ" எண்டு குங்குமத் தட்டுக்குக் கீழ வைச்சிட்டாவாம்.

எனக்கு உங்களோட என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை. கோவம் இருக்கு. அது இருக்கட்டும். விசாரணைக்கு நீங்கள் போங்கோ. போய், நடந்தது எல்லாத்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கோ.

பனியில வழுக்கி விழாதேங்கோ.

ஆர்த்திகா


பியர்பொன்ட்ஸ்
27.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுறன். சுகம், நீயும் சுகமா இரு. இந்தக் கடிதம் நீளம். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து இருந்து வாசி.

செவ்வாய் உன்ர வழக்கு. லீவு போட்டிட்டு, காலமை பஸ் எடுத்து, பேந்து மெத்ரோ ரயில் எடுத்து, விக்ரோரியாச் சதுக்கத்தில இறங்கி மக்கில் தெருவுக்குப் பனிக்குள்ளால நடந்தன். வாசல் காவலரிட்ட, என்ர தங்கச்சியின்ர வழக்கு, நான் உள்ள போகலாமோ எண்டு கேட்டன். "இது எல்லாருக்கும் திறந்திருக்கு முஸ்யூ, தங்கச்சியா இருக்க வேணுமெண்டில்லை" எண்டார். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. கூப்பிட்டால் மட்டும் நடுங்கிக்கொண்டு போற இடத்தைத்தான் நான் கோடு எண்டு அறிஞ்சிருந்தன்.

கதவடியில அண்டைய வழக்குகளை ஒரு கடதாசியில போட்டிருந்தது. ஆர்த்திகா எதிர் குடிவரவு அமைச்சர். உன்ர பேர் முன்னுக்கு, அமைச்சர் பின்னுக்கு. நெல்லியடியில நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு, இந்தப் பெரிய நாட்டின்ர அமைச்சர் ஆளனுப்பி மறுமொழி சொல்ல வேண்டியிருக்கு. நான் அந்தக் கடதாசிக்கு முன்னால கன நேரம் நிண்டன். கண் கலங்கிட்டுது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நிண்டு சமாளிச்சன்.

உள்ள சின்ன அறைதான். நீதிபதி ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும். அவவின்ர மேசையில உன்ர கோப்பு, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் துண்டு ஒட்டின படி. எல்லாத்தையும் வாசிச்சுப் போட்டு வந்திருக்கிறா. நீ எழுதின அந்த ஒரு பக்கக் கடிதத்தின்ர பிரதியையும் எடுத்து முன்னால வைச்சிருந்தா. ஒரு வருசமா ஆரும் தொடாத கடிதம்.

அரசாங்கத்தின்ர பக்கம் கிறகரி எண்டு ஒரு இளம் வழக்கறிஞர். நான் அவரை முறைச்சுக்கொண்டிருந்தன். அவர் எழும்பி, தொடங்க முதல் ஒண்டு சொல்ல வேணும் எண்டார். "விண்ணப்பதாரியின் பதில் எங்களுக்கு வரவில்லை என்று நாங்கள் எழுத்தில் சொல்லியிருந்தோம். நேற்று நானே தேடினேன். வந்திருக்கிறது. பதின்மூன்றாம் நாளே வந்திருக்கிறது. வேறொரு கோப்பில் சேர்த்துவிட்டார்கள். நீதிமன்றம் இதை அறிய வேண்டும்." இதுதான் அவர் சொன்னது. அவர் எதிர்ப்பக்கத்து ஆள், தங்கச்சி. அவரை ஒருத்தரும் கேக்கேல்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆருக்குத் தெரியும்? தன்ர வழக்குக்கு விழுற அடியைத் தானே எடுத்துக் குடுக்கிறார், முகத்தில ஒரு மாற்றமும் இல்லாமல். நான் ஆறு மாதம் மறைச்சதை நினைச்சு நிலத்தைப் பார்த்தன்.

அதுக்காக அவர் விட்டுக் குடுக்கேல்லை. கடிதத்தை வாசிச்சிருந்தாலும் முடிவு இதுதான், விண்ணப்பத்தில கையெழுத்து வைச்சது அவதானே எண்டார். நீதிபதி அவர் முடிக்குமட்டும் காத்திருந்தா. பேந்து ஆறுதலாக் கேட்டா: "கையெழுத்து அவருடையதுதான். விளக்கம் கேட்டதும் சரி. ஆனால் வாசித்திருந்தாலும் முடிவு மாறாது என்று, வாசிக்காமலே எப்படித் தெரியும்?" கிறகரி தன்ர குறிப்புகளை ஒருக்காப் பிரட்டிப் பார்த்திட்டுக் கதிரையில இருந்திட்டார்.

எழுத்தெண்டால் என்ன, தாலியெண்டால் என்ன, இரண்டுக்கும் நடுவில அந்தப் பெண் எங்கே இருப்பார் எண்டெல்லாம் நீதிபதி தாராவிட்டக் கேட்டா. பகிடியாக் கேக்கேல்லை, படிக்கிற பிள்ளை மாதிரிக் கேட்டுக் குறிச்சா. பேந்து என்ர சத்தியக்கடதாசியைத் தூக்கிப் பார்த்திட்டு, "இது அந்த அதிகாரிக்கு முன்னால் இருக்கவில்லை, ஆகவே நான் பார்க்க முடியாது. யார் அதை நிரப்பினார் என்பது இன்றைய கேள்வி அல்ல" எண்டா. எனக்குப் பொறுக்கேல்லை. "நான்தான்" எண்டு சொல்ல எழும்பிட்டன். வாயும் திறந்திட்டன். அவ கண்ணாடிக்கு மேலால பார்த்து, "ஐயா, நீங்கள் அமரலாம்" எண்டா, மரியாதையா. இருந்திட்டன். தாரா வெளியில வந்து என்னைப் பேசின பேச்சை எழுத ஏலாது.

ஒண்டரை மணித்தியாலம். ஒருத்தர் கதைக்க மற்றவர் எழும்பேல்லை. நான் என்ர சீவியத்தில இவ்வளவு நேரம் வாய் மூடியிருந்தது அண்டைக்குத்தான். அப்பிடி இருந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது, ஒருத்தர் முடிக்குமட்டும் கேக்கிறது எவ்வளவு பெரிய வேலை எண்டு.

யோசிச்சு எழுத்தில தருவாவாம்.

கவனம்.

அண்ணன்
கிருபா


பியர்பொன்ட்ஸ்
28.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்பிடியே இருக்க வேணும்.

தீர்ப்பு வந்திட்டுது. பதினாலு பக்கம். முழுக்கத் தமிழில எழுதி இதோட வைச்சிருக்கிறன். ஒரு சொல்லும் நான் போட்டதில்லை. சந்தேகமான இடங்களைத் தாராவிட்டக் கேட்டுத் திருத்தினன். பதினோராவது பந்தியைப் பார்:

"விண்ணப்பதாரியிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலை எவரும் வாசிக்கவில்லை. ஒருவரைப் பொய்யர் என்று அழைப்பது பாரமான காரியம். அவர் சொன்னதைக் கேட்காமல் அப்படி அழைக்க இந்நாட்டில் எவருக்கும் அதிகாரமில்லை."

உன்ர முடிவை ரத்துச் செய்து, வேற அதிகாரி புதுசாப் பார்க்க வேணுமெண்டு கட்டளை. அவ உன்னை ஒருநாளும் கண்டதில்லை. உன்ர குரல் கேட்டதில்லை. உனக்கு இந்த நாட்டில ஒரு வாக்கும் இல்லை. எண்டாலும் இருந்து பதினாலு பக்கம் எழுதியிருக்கிறா. சாமி கும்பிடேக்கை வராத ஒரு நடுக்கம் எனக்கு இதை வாசிக்கேக்கை வந்தது.

அண்ணன்
கிருபா


நெல்லியடி
03.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அண்ணியும் அப்பிடியே இருக்க வேணும். நாலு மாதம் எழுதாததுக்குக் காரணம் இருக்கு. முடிவெடுக்காமல் எழுத விருப்பமில்லை.

தீர்ப்பை யதுர்ஷன் தாய்க்கு வாசிச்சார். நானும் போனனான், முற்றத்தில நிண்டன். பதினோராம் பந்தியை மாமி மூண்டு தரம் வாசிக்கச் சொன்னா. "ஆர் இதை எழுதினது?" எண்டு கேட்டா. நீதிபதி எண்டார். "எங்கட ஆளோ?" "இல்லை, வெள்ளைக்கார அம்மா. இவவைத் தெரியாது." மாமி ரீவியில ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை நிப்பாட்டிப் போட்டு, ஒரு கதிரையைத் தனக்கு முன்னால இழுத்து வைச்சா. "உள்ள வா பிள்ளை. இரு. நீ சொல்லு. முடிக்குமட்டும் நான் வாய் திறக்கேல்லை."

நான் அழுதிட்டன் அண்ணை. பேந்து சொன்னன். ஒரு மணித்தியாலம் சொன்னன். அவ சொன்னபடி வாய் திறக்கேல்லை. முடிஞ்ச பிறகு, "நான் உன்னைக் கதவடியில வைச்சுப் பேசினது பிழை" எண்டா. அடுத்ததா ஒண்டு கேட்டா: "உனக்குக் கனடா போக விருப்பமோ?"

என்ர முப்பத்து நாலு வயசுக்கு என்னை அதைக் கேட்ட முதல் ஆள் அவதான்.

ஆனியில புது அதிகாரி கடிதம் போட்டு, பழைய விளக்கத்தோட வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டா. உங்களுக்குச் சொல்லாமல் நானே எழுதினன். உங்கட சத்தியக்கடதாசியையும் வைச்சன். போன கிழமை மறுமொழி வந்தது. நான் பொய் சொன்னதாக் கொள்ள ஏலாதாம். தடையும் இல்லையாம். விண்ணப்பம் தொடருதாம், மெடிக்கல் எடுக்கட்டாம். அந்தப் "பொய்" எண்ட சொல் போயிட்டுது அண்ணை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் எல்லாருக்கும் காட்டினன்.

இனித்தான் சொல்ல வேண்டியது. மாமிக்கு நான் சொன்ன மறுமொழி, "இல்லை". எனக்கு வர விருப்பமில்லை. ஒருநாளும் இருக்கேல்லை. இங்க என்ர வார்டில பதினாறு பேர் கிழமைக்கு மூண்டு தரம் என்ர கையைப் பார்த்துக்கொண்டு வருகினம், எனக்கு அது பிடிச்சிருக்கு. நீங்கள் கட்டிலும் கோட்டும் வாங்கி வைச்சதுக்கு நான் ஒரு கடிதத்திலயும் மறுமொழி எழுதேல்லை, கவனிச்சீங்களோ தெரியாது. நீங்கள் ஆசையாச் செய்யிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் சொல்லப் பயந்தன். ஒருத்தரும் கேக்காத இடத்தில எப்பிடிச் சொல்லுறதெண்டும் தெரியேல்லை.

செப்டெம்பர் நாலாம் திகதி வியாழக்கிழமை தாலி. நீங்கள் ரண்டு பேரும் வர வேணும்.

தங்கச்சி
ஆர்த்திகா


பியர்பொன்ட்ஸ்
25.08.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். சனிக்கிழமை விமானம். இந்தக் கடிதத்தைத் தபாலில போட்டால் எனக்குப் பின்னால வரும். அதால கொண்டு வந்து உன்ர கையில தாறன். நேரில சொல்லலாம் தானே எண்டு அண்ணி கேக்கிறா. நேரில எண்டால் நான் சொல்லிக்கொண்டே போவன், அவவுக்கும் தெரியும்.

உன்ர கடிதத்தை வாசிச்ச உடன எனக்குக் கோவம் வந்தது. ஒண்டரை வருசம் நான் அலைஞ்சது இதுக்கோ எண்டு ரண்டு கடிதம் எழுதிக் கிழிச்சன். மூண்டாவது எழுத இருக்கேக்கை நீ எழுதினதைத் திருப்பி முதல்ல இருந்து வாசிச்சன். ஓம், இதுக்குத்தான் அலைஞ்சது. உன்னை ஒருக்கா முழுசாக் கேக்க வேணுமெண்டுதான் அந்த அம்மா பதினாலு பக்கம் எழுதினவ. கேட்டாச்சு. நீ சொல்லிட்டாய். அதில எனக்குப் பிடிக்காத மறுமொழி இருந்தால் அது என்ர பாடு.

கவலை இருக்கு. இல்லையெண்டு எழுத மாட்டன். நீ இங்க இருப்பாய் எண்டு முப்பது வருசமா ஆசைப்பட்டன். நீ தவழ்ந்து திரிஞ்சதுக்குப் பிறகு உன்னை நான் நாலு தரம்தான் கண்டனான்.

விண்ணப்பத்தை மீளப் பெறுறதெண்டால் ஒரு கடிதம் எழுத வேணும். அதை நீயே எழுது. நான் எழுத மாட்டன். கேட்டால் மட்டும் ஆங்கிலம் பார்த்துத் தருவன்.

உன்ர அண்ணன்
கிருபானந்தன்